ராணிக்கு இனி கடலை கிடையாது

சாயங்காலம் ஐந்தரை ஆனால் மாமா திண்ணைக்கு வந்துவிடுவார். என் மாமனார்தான், 81 வயது. ஈசிசேரில் சாய்ந்து, மடியில் பொட்டலத்தைப் பிரித்து, வறுத்த நிலக்கடலையை உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதுவார். ஒன்று அவர் வாய்க்கு, ஒன்று ராணி வாய்க்கு. அவள் குட்டியாக இருந்த நாளிலிருந்து நடந்த வழக்கம் இது. ராணி நாட்டு நாய். செவலை நிறம், இடது காது மட்டும் மடிந்திருக்கும். வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் மழையில் நனைந்து கிடந்தவளை என் மகன் பள்ளிக்கூடப் பையில் வைத்துத் தூக்கி வந்தான். இப்போது அவளுக்கு 13 வயது நடக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம். விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்திருந்தாள். அதற்கும் பல மாதம் முன்பே பத்து நாளுக்கு ஒரு தடவை சாப்பிடாமல் படுத்துக் கிடப்பாள், மறுநாள் சரியாகிவிடுவாள். வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். வாந்தி நிற்காததால் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். வயிற்றில் பூச்சி என்று மாத்திரை கொடுத்து, தெம்புக்குப் பால் சோறு போடுங்கள் என்றார்கள். நானும் கறந்த பாலை வாங்கிக் காய்ச்சி, ஏடோடு பிசைந்து ஊட்டினேன். அவள் நம்பித் தின்றாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு அங்கே யாரும் அவள் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அவள் நின்ற நிலையை மறக்க மாட்டேன். முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நெஞ்சைத் தரையோடு பதித்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நின்றாள். நாய் விளையாடக் கூப்பிடும்போது இப்படித்தான் குனியும். மகன்கூட பந்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் வால் ஆடவில்லை. கண் எங்கேயோ பார்த்தபடி நின்றது. நாக்கால் மூக்கை நக்கி நக்கி எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள், படுத்தாள், எழுந்தாள், மறுபடியும் அதே மாதிரி நின்றாள். நடு வயிறு வலித்தால் நாய்கள் அந்த இடத்தை இழுத்துப் பிடித்து இப்படி நிற்கும் என்பது மறுநாள் வேறொரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்த டாக்டர் அம்மா முதலில் தரையில் உட்கார்ந்தார். பேசிக்கொண்டே விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். ராணி உறுமவில்லை, கடிக்கவில்லை. தலையைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தாள், அவ்வளவுதான். "இங்கதான் வலிக்குது" என்றார் டாக்டர். ரத்தம் எடுத்து கணைய லைபேஸ் என்ற நொதியின் அளவு பார்த்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். அந்த அளவு 200க்குள் இருக்க வேண்டுமாம். 400ஐத் தாண்டினால் கணைய அழற்சி இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்களாம். ராணிக்கு 680.

சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் முக்கியமான நொதிகளைக் கணையம்தான் சுரக்கிறது. குடலுக்குப் போன பிறகு வேலையைத் தொடங்க வேண்டிய அந்த நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால், கணையத்தையே அரிக்க ஆரம்பித்துவிடும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் புண் ஆறி ஆறித் தழும்பாகிப் போகும். தழும்பான இடம் பழையபடி ஆகாது.

"இது குணமாகாதா டாக்டர்?"

"முழுசா போகாதும்மா. அடங்கி இருக்கும். கிளறிவிடாம நீங்க பாத்துக்கணும்."

மூன்று நாள் காலையும் மாலையும் ஆட்டோவில் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினோம். வாந்திக்கு மாரோபிட்டன்ட் ஊசி, வலிக்குத் தனியாக மருந்து. பட்டினி போடணுமா என்று கேட்டேன். முன்பெல்லாம் அப்படிச் செய்தார்கள், இப்போது வாந்தி நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைப்பதுதான் நல்லது என்றார். இரண்டாம் நாள் சாயங்காலம் குழைந்த சோறு இரண்டு ஸ்பூன் தின்றாள். நான் ஆட்டோவிலேயே அழுதுவிட்டேன்.

அப்புறம் கணையத்தைக் கிளறிவிடாமல் இருக்க டாக்டர் கொழுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். 15 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு மொத்தக் கொழுப்பு 14 கிராமைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு டீஸ்பூன் நெய் கிட்டத்தட்ட 5 கிராம். ஒரு முட்டை மஞ்சள் கருவும் ஏறக்குறைய அதே 5. நிலக்கடலையில் பாதிக்குப் பாதி கொழுப்பு. 30 கிராம் கடலை, அதாவது மாமாவின் ஒரு கைப்பிடி, அவளுடைய ஒரு நாள் கணக்கு மொத்தத்தையும் முடித்துவிடும்.

இப்போது அவளுக்குத் தனிச் சமையல் உண்டு. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியைத் தண்ணீரில் வேகவைத்து, உதிர்த்து, தராசில் நிறுத்து எடுக்கிறேன். நன்றாகக் குழைந்த பச்சரிசிச் சோறு, மசித்த பரங்கிக்காய். உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் எந்த நாய்க்குமே ஆகாது. இதில் சுண்ணாம்புச் சத்து பற்றாது என்பதால் டாக்டர் எழுதிக்கொடுத்த பொடியும் கலக்கிறேன். ஒரே வேளையில் நிறையப் போடாமல் நான்கு வேளையாகப் பிரித்துப் போடுகிறேன். அவசரத்துக்குக் கொழுப்பு குறைந்த மருத்துவத் தீவனம் ஒரு பை எப்போதும் இருக்கும்.

கறி வெந்த தண்ணீரைக் கீழே ஊற்ற மனம் வராது, அந்த வாசனை இல்லையென்றால் அவள் சோற்றைத் தொடவும் மாட்டாள். அதனால் அதை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் மேலே வெள்ளையாக ஏடு கட்டியிருக்கும், மெழுகு உறைந்த மாதிரி. ஸ்பூன் விளிம்பால் ஓரத்தில் கீறித் தூக்கினால் உடைந்து உடைந்து வரும். கிண்ணத்தின் சுவரில் ஒட்டியதை விரலில் துணியைச் சுற்றித் துடைப்பேன். அடியில் தெளிந்த மஞ்சள் ரசம் மிஞ்சும். அதைச் சூடுபண்ணிச் சோற்றில் விட்டால் முன்வாசலில் படுத்திருப்பவள் எழுந்து வருவாள். நெஞ்சுக்கறியில் கொழுப்பே இல்லை என்பார்கள். அந்த ஏட்டை ஒரு நாள் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சமையல்கூடப் பெரிய பாடில்லை. தெருவைச் சமாளிப்பதுதான் பெரிய பாடு. ராணி எங்கள் தெரு முழுக்க வளர்த்த பிள்ளை. டீக்கடையில் வடைத்துண்டு, பூக்கார அக்காவிடம் பன், எதிர்வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எலும்பு. "ஒரு வாய்தானே" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான், எனக்கும் தெரியும். நம் ஊரில் பாசத்தைக் காட்ட வேறு என்ன வழி இருக்கிறது, கையில் இருப்பதைத் தின்னக் கொடுப்பதுதானே? ஆனால் அந்த வருஷம் ஆடியில் யாரோ கொடுத்த ஆட்டுக்கொழுப்பு ஒரு துண்டு அவளை நான்கு நாள் டிரிப்ஸில் போட்டது. 16 கிலோவுக்கு ஏறியிருந்தவள் 14.6க்கு இறங்கினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னேன். "உங்க கையால ஒண்ணும் குடுக்காதீங்க, தடவி மட்டும் குடுங்க." பூக்கார அக்கா கண் கலங்கிவிட்டார். இப்போது ராணி அந்தப் பக்கம் போனால் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு கையாலும் அவள் கழுத்தைச் சொறிந்துவிடுகிறார்.

ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். என்ன தின்றாள், எவ்வளவு, மலம் எப்படி, தண்ணீர் எத்தனை கிண்ணம். கணையம் கெட்டால் பின்னாளில் சர்க்கரை நோய் வரலாம், அப்போது தண்ணீர் அதிகமாகக் குடிப்பாள். நொதி சுரப்பது அடியோடு குறைந்துவிட்டால் மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு நிறையப் போகும். இரண்டும் இதுவரை இல்லை. வலி இருந்தால் நாய் கத்திச் சொல்லாது என்பதையும் இந்த நோட்டில்தான் கற்றுக்கொண்டேன். மூலையைப் பார்த்துப் படுப்பது, தடவப் போனால் முதுகை வளைப்பது, வெறும் வாயில் விழுங்குவது, இவைதான் அவள் பேச்சு. அதைப் பார்த்ததும் டாக்டருக்குப் போன் போடுவேன். நம் வீட்டுப் பாராசிட்டமாலையோ ஐபுப்ரூஃபனையோ தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், அவை நாய்க்கு விஷமாகிவிடும்.

மாமாவிடம் கடலையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. கணக்கைச் சொன்னேன். கையில் இருந்த பொட்டலத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா நான்தான் குடுத்தேனா தாயி?" என்றார். கடலையால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது மாமா, பல நாய்களுக்கு ஏன் வருகிறது என்றே தெரியாதாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் திண்ணைக்கே வரவில்லை. ராணி ஐந்தரைக்குப் போய் ஈசிசேர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரிடம் கேட்டேன், பொரி கொடுக்கலாம், அதில் கொழுப்பு இல்லாத மாதிரிதான் என்றார். கீழமாசி வீதியில் உப்புப் போடாத பொரி ஒரு பை வாங்கி வந்து மாமா மடியில் வைத்தேன். அவருக்குக் கடலையும் தனியாக வாங்கினேன், தொடவில்லை. "அவ பாத்துக்கிட்டு இருக்கையில நான் எப்படித் தின்னுவேன்?" என்றார்.

இப்போது ஒரு பொரி அவர் வாய்க்கு, ஒன்று ராணி வாய்க்கு. சில சமயம் மூக்கில் ஒட்டிக்கொள்ளும், நாக்கை நீட்டி எடுக்கும் வரை அவர் காத்திருப்பார். முடிந்ததும் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

"தாயி, இன்னைக்கு இருபது. எழுதிக்க."