கோடு போட்ட கட்டுரை

தமிழ் மேடம் போய்விட்ட செய்தி மெல்போர்னில் எனக்கு வாட்ஸ்அப்பில்தான் கிடைத்தது. "மேடம் மறைந்தார்!!!" என்று ஒருவன் போட்டிருந்தான். யார் என்று அவனுக்கே தெரியும். மேடம் பார்த்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். "ஆச்சரியப்பட வேண்டியது படிக்கிறவன், நீ எதுக்குடா முந்திக்கறே?"

டெல்லியில், எட்டாம் வகுப்பில் கோடை விடுமுறைக் கட்டுரை. முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம், இந்தி நோட்டில் போடுகிற அதே நெட்டுக்கோட்டை நிறுத்தி வைத்திருந்தேன். மேடம் அதை அப்படியே உரக்கப் படித்தார். "ஊரிலிருந்து மாமா வந்தார் கோடு. மாம்பழம் தின்றோம் கோடு." மூன்றாவது வரியில் வகுப்பே கோஷ்டி கானம். பக்கத்து செக்‌ஷன் எட்டிப் பார்த்தது.

அடுத்து 'உர்ரான்' வந்தான். எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் ராத்திரி முழுக்க உறுமும் கூலருக்குத் தங்கை வைத்த பெயர். எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. கோடுகளை ஒன்று விடாமல் சிவப்பில் அடித்த மேடம், அந்தச் சொல்லை மட்டும் தொடவில்லை. இன்றைக்கும் குழுவில் நான் உர்ரான்தான்.

மறுநாள் அவர் எடுத்தது பரீட்சைக்கு வராத பாடம். ஓலையில் எழுதியவர்கள் கமா வைக்கவில்லை. உரையாசிரியர்கள் 'என்க', 'என்றவாறு' என்று சொல்லாலேயே நிறுத்தினார்கள். மேற்கோள் குறியின் வேலையை 'என்று' பார்த்துக்கொண்டது. இப்போது நாம் போடும் குறிகளெல்லாம் அச்சோடு வந்து ஊன்றியவை. "அதுவரைக்கும் எங்கேடா மூச்சு விட்டாங்க?" பதிலும் அவரே சொன்னார்: கதை கேட்கிறவன் 'ம்' கொட்டுகிற இடத்தில் கமா. 'அப்புறம்?' என்று கேட்கிற இடத்தில் முற்றுப்புள்ளி. அரைப்புள்ளி வக்கீல்களுக்கு.

பிழைப்புக்காக ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும்போதும் இந்தக் கணக்குதான் எனக்கு. ஆனால் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்ல உட்கார்ந்தால் 'ம்' வருவதில்லை. "முடிஞ்சிடுச்சாப்பா?" என்கிறாள் பெரியவள். எங்கள் வீட்டு ஏசிக்கும் யாரும் பெயர் வைக்கவில்லை, அது சத்தமே போடாது.

சில வருடங்களுக்கு முன் மேடத்திடம் போனில் பேசினேன். வேலை, வீடு, குழந்தைகள் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "அப்புறம்?" என்றார். "அவ்வளவுதான் மேடம், டெல்லி வரும்போது நேரில் சொல்றேன்" என்றேன். வந்தேன். ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோவிலுக்கும் போனேன். அவர் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ராத்திரி விமானம், பெட்டி கட்டவில்லை என்று ஆட்டோ பிடித்துவிட்டேன்.