கவருக்குள் பழம் மூச்சு விடுகிறது

திராட்சையைக் கழுவி, ஈரம் போகாமலே கவரில் போட்டு, வாயை இறுக்க முடிந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மூன்றாம் நாள் காம்பைச் சுற்றிப் பூசணம். ரொம்ப நாள் பழத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், கவரைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பறித்த பிறகும் பழத்துக்கு உயிர் இருக்கிறது. ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் கொஞ்சம் சூட்டையும் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் கவர் என்பது வெறும் தூசி மறைப்பு இல்லை, பழம் எந்தக் காற்றைச் சுவாசிக்கப்போகிறது என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். அதை 2 முதல் 5 சதவீதத்துக்கு இறக்கினால் பல பழங்களின் சுவாசம் மெதுவாகி, பழுப்பதும் தள்ளிப்போகும். கவரின் பிளாஸ்டிக் படலம் சரியானதாக இருந்தால் இதற்கு மெஷின்கூடத் தேவையில்லை. உள்ளே பழம் ஆக்சிஜனைச் செலவழிக்க, வெளியிலிருந்து படலம் வழியே மெல்ல மெல்லக் கசிந்து வர, ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகிவிடும். எனக்கு இது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், சூட்டில். வெப்பம் 10 டிகிரி ஏறினால் பழத்தின் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகிறது, படலம் விடுகிற காற்றோ அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஃபிரிட்ஜுக்கென்று அளந்து செய்த பாக்கெட்டை வெளியே நாள் முழுக்க வைத்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, பழம் நொதிக்க ஆரம்பித்து, பிரித்ததும் சாராய வாடை அடிப்பது இதனால்தான்.

அப்புறம் ஈரம். பாலித்தீன் நீராவியை அவ்வளவாக வெளியே விடாது, பழம் வாடாமல் இருப்பதும் அதனால்தான், உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்துப் பூசணம் பிடிப்பதும் அதனால்தான். பெர்ரிப் பழ டப்பாக்களில் இருக்கும் ஓட்டைகள் அழகுக்கு இல்லை, தயவுசெய்து அவற்றை மூடி ஒட்டாதீர்கள். காகிதமும் அட்டையும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் நனைந்த அட்டைப்பெட்டி வலுவிழந்து அமுங்கினால் அடியிலுள்ள பழம் நசுங்கிவிடும்.

ஆப்பிள், வாழை, மாம்பழம் எல்லாம் எத்திலீன் என்ற, பழுக்க வைக்கும் வாயுவை விடுபவை. ஒரே கவரில் அடைத்தால் ஒன்று பழுத்து மற்றதையும் பழுக்க வைக்கும். சில பெட்டிகளில் பொட்டாசியம் பர்மாங்கனேட் பொட்டலம் போடுவது அந்த எத்திலீனைப் பிடிக்கத்தான். ஊதா நிறம் பழுப்பாகிவிட்டால் அதன் வேலை முடிந்தது.

இப்போதெல்லாம் திராட்சையைக் கழுவாமல், ஓட்டை போட்ட கவரில், அடியில் ஒரு காகிதத் துண்டு விரித்து வைக்கிறேன், சாப்பிடும்போதுதான் கழுவுவது.