மோடத்தைக் கழற்றி சர்வரில் போடலாமா?

எர்த் ஸ்டேஷனில், அதாவது சாட்டிலைட்டோடு பேசும் தரை நிலையத்தில், வேலை பார்ப்பவர்களிடம் இப்போது எந்த வெண்டர் வந்தாலும் ஒரே பாட்டுதான்: "டேட்டாவை அலையாக்கி, அலையை டேட்டாவாக்க ரேக் நிறைய மோடம் எதற்கு சார்? எல்லாம் சாஃப்ட்வேர், சாதாரண சர்வரிலேயே ஓடும்." பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் ஸ்லைடில் போடமாட்டார்கள்.

சாஃப்ட்வேராக எளிதில் மாறியது டிசிபி ஆக்சிலரேட்டர். டிசிபி என்பது டேட்டா வந்து சேர்ந்ததா என்று பார்த்துப் பார்த்து அனுப்பும் இன்டர்நெட் விதிமுறை; அதை வேகப்படுத்துவதுதான் இதன் வேலை. வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் வகை சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி போய் பதில் திரும்ப அரை நொடி. "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காக டிசிபி காத்துக் கிடந்தால் லிங்க் பாதி நேரம் சும்மா இருக்கும். அதனால் தரையிலிருக்கும் ஆக்சிலரேட்டரே முந்திக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்லிவிடும். முன்பு தனிப் பெட்டி, இப்போது ஒரு விர்ச்சுவல் மெஷின், சர்வருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் கம்ப்யூட்டர். அதற்குள் போவதும் வருவதும் வெறும் பேக்கெட்தானே, சிக்கலே இல்லை.

மோடம் கதையே வேறு. இங்கே சர்வருக்குப் போகவேண்டியது அலை. ஆன்டெனா அடியிலேயே அதை டிஜிட்டலாக்க வேண்டும். 250 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு நொடிக்கு 30 கோடி சாம்பிள் (அலையை அளந்தெடுத்த எண்), ஒவ்வொன்றும் 16 பிட் என்று வைத்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட 5 ஜிகாபிட். உள்ளே இருக்கும் உண்மையான டேட்டா அரை ஜிகாபிட் தேறும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

அப்புறம் நேரம். கோஆக்ஸ் கேபிளில் அலை ஓடினால் நேரமும் கூடவே ஓடும். ஐபி நெட்வொர்க்கில் பேக்கெட்டுகள் முன்னே பின்னே வரும். அதனால் ஒவ்வொன்றிலும் ஜிபிஎஸ் க்ளாக்கை வைத்து நேர முத்திரை குத்தி, சர்வரில் கொஞ்சம் தேக்கி வரிசைப்படுத்துகிறார்கள். சில மில்லிசெகண்ட் தாமதம் கூடும். ஏற்கெனவே அரை நொடி போகிற இடத்தில் அது யார் கண்ணிலும் படாது. 550 கிலோமீட்டரில் சுற்றும் சாட்டிலைட்டுக்குப் பயண நேரமே மிகக் குறைவு, அப்படி விட்டுவிட முடியாது. முத்திரைக்கு வீட்டா 49 என்ற பொது வடிவம் இருக்கிறது. அலையை டிஜிட்டலாக்கும் ஒரு கம்பெனி கன்வர்ட்டரோடு இன்னொரு கம்பெனி மோடம் பேச, அதன்மேல் 2021-இல் டிஃபி தரம் வந்தது.

"சாதாரண சர்வர்" என்பதையும் நம்பாதீர்கள். பிழைதிருத்தக் கணக்கு சிபியூவை மூச்சுத் திணற வைக்கும். பொருள் பட்டியலைப் புரட்டினால் எஃப்பிஜிஏ என்ற தனிச் சிப் பொருத்திய கார்டோ ஜிபியூவோ எட்டிப் பார்க்கும்.

இவ்வளவுக்கும் பிறகு எனக்கு இது வேண்டும் என்றால் காரணம் மழை. கேஏ பேண்ட் என்ற அலைவரிசையில், நல்ல மழை பிடித்தால் கேட்வே, அதாவது சாட்டிலைட்டை இன்டர்நெட்டோடு இணைக்கும் எர்த் ஸ்டேஷன், படுத்துவிடும். மாற்றுக் கேட்வேயிலும் ரேக் ரேக்காக மோடம் வாங்கிச் சும்மா வைத்திருக்க வேண்டும். மோடம் டேட்டா சென்டரில் இருந்தால், காய்ந்திருக்கும் ஊர் ஆன்டெனாவை அதே சர்வருக்குத் திருப்பிவிடலாம். எந்த வெண்டராவது இந்த மாற்றத்தை என் கண்ணெதிரே செய்து காட்டட்டும், சுமைகூலியைப் பற்றி அப்புறம் பேசலாம்.