கம்பு மேல் கட்டிய கம்பி: ஐந்து மாத வானொலிக் குறிப்பு

அப்பாவின் பழைய ரேடியோதான் இதற்கெல்லாம் காரணம். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்த காலத்தில் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டு, ரப்பர் பால்மரம் வெட்டப் போகும் நேரத்துக்கு முன்பே பாட ஆரம்பித்துவிடும் பெட்டி அது. இப்போது தோட்டத்தில் பால்மரமும் இல்லை, லயமும் இல்லை. செம்பனை வந்து வெகு நாளாகிறது. நாங்களும் பட்டணத்துப் பக்கம் வீடு வாங்கி வந்துவிட்டோம். (பட்டணம் என்றால் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயர் மாறினாலும் அப்பாவுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அரசாங்கத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்.எம்.மையும் அவர் வானொலி ஆறு என்றே சொல்வார்.)

பெட்டியைத் துடைத்து, உப்புப் பூத்திருந்த பேட்டரித் தகடுகளை உப்புத்தாளால் தேய்த்து, ஆறு வெள்ளிக்கு பேட்டரி போட்டேன். எஃப்.எம். பக்கம் உடனே பாடியது. மத்திய அலை (ஏ.எம்.) பக்கம் திருப்பினால் வெறும் இரைச்சல். முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்தினேன். ஒரு குரல்கூட இல்லை. "கெட்டுப் போச்சுப்பா, தூக்கிப் போடு" என்றார் அப்பா. கெடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இங்கே உள்ளூர் நிலையங்கள் எல்லாம் எஃப்.எம்.முக்குப் போய்விட்டன. பெட்டி கேட்கத் தயாராக இருக்கிறது, பேசத்தான் ஆள் இல்லை.

இது தெரியாமல் நான் முதல் மாதத்தை வீணாக்கினேன். பேட்டரியே இல்லாமல் பாடும் படிக ரேடியோ செய்யலாம் என்று பி.வி.சி. குழாயில் எனாமல் கம்பியை நூறு சுற்றுக்கு மேல் சுற்றி, ஜெர்மானியம் டையோடு ஒன்றை வரவழைத்து, மாமரத்துக்கும் கூரைக்கும் நடுவே இருபது மீட்டர் கம்பி இழுத்துக் கட்டி, காதுக்குழலை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்திருப்பேன். ஆலையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவனுக்கு இணைப்பில் தப்பு வராது என்ற திமிர் வேறு. எட்டு நாள். ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. படிக ரேடியோவுக்குத் தனியாக மின்சாரம் கிடையாது. வருகிற அலையின் சக்தியிலேயே காதுக்குழல் அதிர வேண்டும். அதற்குப் பக்கத்தில் வலுவான நிலையம் ஒன்று இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் எத்தனை சுற்று சுற்றினாலும் பயனில்லை.

அதே ராத்திரிகளில் அப்பாவின் பெட்டியை வெளியே தூக்கிவந்து வைத்துப் பார்த்தேன். பத்து மணிக்கு மேல் மத்திய அலையில் தூரத்துக் குரல்கள் ஏறியும் இறங்கியும் வந்தன. ஒன்று தாய்லாந்து மொழி மாதிரி இருந்தது. பகலில் வானத்தின் கீழடுக்கில் இருக்கும் மின்னூட்டப் படலம் இந்த அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தப் படலம் கலைந்துபோக, இன்னும் மேலே இருக்கும் அடுக்கில் பட்டு அலை திரும்பித் தரைக்கு வருகிறது. புத்தகத்தில் படித்ததுதான். ஆனாலும் கொசு கடிக்கக் கடிக்க வாசலில் உட்கார்ந்து கேட்டபோதுதான் நம்பினேன்.

பேட்டரியும் அரமும்

மகள் படிவம் நான்கில் படிக்கிறாள், இயற்பியல் பாடம் எடுத்திருக்கிறாள். "அப்பா, அலையில எப்படிப்பா பேச்சு ஏறுது?" என்று கேட்டாள். தெரிந்ததுபோல ஆரம்பித்து நடுவில் மாட்டிக்கொண்டேன். சரி, செய்தே பார்ப்போம் என்று ஒன்றரை வோல்ட் பேட்டரியின் ஒரு முனையை அரத்தோடு சேர்த்துக் கட்டினேன். மறுமுனையிலிருந்து வந்த கம்பியால் அரத்தின் பற்களை உரசினால் சின்னச் சின்னத் தீப்பொறி வரும். மத்திய அலையில் வைத்த அப்பாவின் பெட்டி அருகிலேயே இருந்தது. உரசியபோதெல்லாம் 'கர்ர்' என்றது. கையை எடுத்தால் அமைதி.

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1880-களின் கடைசியில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஓரிடத்தில் தீப்பொறி தெறிக்க, எந்தக் கம்பித் தொடர்பும் இல்லாமல் தள்ளியிருந்த வளையத்தின் இடைவெளியில் இன்னொரு தீப்பொறி தெறித்தது. மின்னோட்டம் திடுக்கென்று மாறும்போது சுற்றிலும் மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பிவிடுகின்றன. காற்றே தேவையில்லை, வெற்றிடத்திலும் போகும்.

மகள் மோர்ஸ் அட்டவணையைப் பார்த்து நீள உரசல், குட்டை உரசல் என்று 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் அனுப்பினாள். அடுப்படியில் இருந்த அவள் அம்மாவுக்கு அது எலி கொறிக்கிற சத்தமாகத்தான் கேட்டதாம். எனக்கு அந்த இடத்தில்தான் ஒன்று உறைத்தது. விடாமல் உரசிக்கொண்டே இருந்தால் அதில் ஒரு சேதியும் இல்லை. நிறுத்துவதும் தொடங்குவதும்தான் சேதி. இதன் பிறகு நான் செய்தவை எல்லாமே, அலையை எந்த வகையில் மாற்றினால் சேதி ஏறுகிறது என்று பார்த்ததுதான்.

பொறி தெறிக்கும்போது பெட்டியை எஃப்.எம்.முக்கு மாற்றினோம். பாட்டு பாட்டாகவே ஓடியது, கரகரப்பு இல்லை. ஏன் என்று அன்றைக்கு விளங்கவில்லை.

குச்சி வந்தது

மூன்றாவது மாதம் கணினியில் செருகும் ரேடியோ குச்சி ஒன்றை வாங்கினேன். டி.வி. பார்ப்பதற்காக முதலில் செய்யப்பட்ட ஆர்.டி.எல். 2832யூ என்ற சில்லு உள்ளே இருக்கிறது. சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700 மெகாஹெர்ட்ஸ் தாண்டியும் கேட்கும். கேட்கும் என்பதைவிடக் காட்டும் என்பது சரி. திரையில் அலைவரிசை முழுவதும் கோடாக விரிந்து, நிலையம் இருக்கும் இடத்தில் மேடாக எழும்பும். கீழே நேரம் வழிந்துகொண்டே போகும், அருவி மாதிரி.

அதோடு வந்த குட்டி ஆண்டெனாவில் மேடெல்லாம் கரையான் புற்று அளவுக்குத்தான் இருந்தது. நாமே செய்வோம் என்று கணக்குப் போட்டேன். மின்னல் எஃப்.எம். வரும் 96.3 மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 96.3 மில்லியன் அதிர்வு. அலை விநாடிக்கு ஓடுவது 300 மில்லியன் மீட்டர். 300-ஐ 96.3-ஆல் வகுத்தால் அலைநீளம் 3.1 மீட்டர். அதில் கால் பங்கு 78 சென்டிமீட்டர். கம்பியில் கொஞ்சம் குறைத்து வெட்ட வேண்டும் என்பதால் 74 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவில் டி.வி. ஆண்டெனா வயர். இந்த இருமுனை ஆண்டெனாவின் மின்தடை 73 ஓம், டி.வி. வயர் 75 ஓம். பொருத்தம் பார்த்துக் கட்டியது போல இருந்தது.

அதை உயரத்தில் தூக்க, செம்பனைக் குலை அறுக்கும் பழைய அலுமினியக் கம்பு ஒன்று கிடைத்தது. அரிவாளைக் கழற்றிவிட்டு உச்சியில் இரண்டு துண்டையும் கம்போடு ஒட்டினாற்போல டேப் சுற்றிக் கட்டி, ஆறு மீட்டர் உயரத்தில் நிறுத்தினேன். மேடு வளரவில்லை. முன்னைவிடக் குறைந்தது! வயரை மாற்றினேன், குச்சியை மாற்றிச் செருகினேன், நிரலை அழித்துத் திரும்பப் போட்டேன். மூன்று சாயங்காலம் போயிற்று. எதிர்வீட்டு மாமா, தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்த முன்னாள் மண்டோர், வேலியில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி இருந்தவர், "ஏன்ப்பா, இரும்புக்குப் பக்கத்துல இரும்ப வெச்சா எது கேக்கும்?" என்றார். அலுமினியம் மாமா, இரும்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் சொன்னதுதான் விஷயம். ஆண்டெனாவுக்கு இணையாக, ஒட்டி நிற்கும் ஆறு மீட்டர் உலோகக் கம்பும் அதே அலையில் அதிரும். நான் 74 சென்டிமீட்டர் என்று அளந்து வெட்டியதெல்லாம் வீண். உச்சியில் ஒன்றரை மீட்டர் மூங்கிலைக் குறுக்காகக் கட்டி அதன் நுனியில் ஆண்டெனாவைத் தள்ளி வைத்தேன். மேடுகள் மலையாயின. மாமாவுக்கு ஒரு கோப்பி கடன்.

நிலையத்தை உருப்பெருக்கிப் பார்த்தால் எஃப்.எம். என்ன செய்கிறது என்று கண்ணாலேயே தெரிகிறது. அறிவிப்பாளர் மூச்சு விடும் நேரத்தில் மேடு ஒல்லியாகி நிற்கும். பேச ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் ஆடும், கோவில் மணியின் நாக்கு மாதிரி. அதிகபட்சம் பக்கத்துக்கு 75 கிலோஹெர்ட்ஸ். அதாவது 96.3 என்பது 96.225-க்கும் 96.375-க்கும் நடுவே ஊசலாடுகிறது. எவ்வளவு தூரம் விலகுகிறது என்பது சத்தத்தின் அளவு. விநாடிக்கு எத்தனை முறை விலகித் திரும்புகிறது என்பது சுருதி. உருமி என்றால் நிதானமாக ஆட்டம், நாதஸ்வரம் என்றால் விறுவிறு.

தீப்பொறிக் கேள்விக்கும் விடை இங்கே கிடைத்தது. பொறியும் மின்னலும் அலையின் உயரத்தைத்தான் கெடுக்கின்றன. பழைய மத்திய அலையில் சேதியே அந்த உயரத்தில் இருப்பதால், கெட்டதும் சேர்ந்து காதுக்கு வருகிறது. எஃப்.எம். பெட்டியோ உயரத்தை ஒரே அளவாக வெட்டி எறிந்துவிட்டு, அதிர்வெண் எப்படி ஆடுகிறது என்பதை மட்டும் படிக்கிறது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது, இந்தக் கரகரப்பை ஒழிப்பதுதான் அவர் குறி. தினமும் சாயங்காலம் இடி இடிக்கும் நம் ஊர் மாதிரி இடத்துக்கு அவர் செய்தது பெரிய உபகாரம் என்பேன்.

இன்னொன்று. பாட்டுக்கு மேலேயும் அந்த அலையில் சாமான் ஏற்றியிருக்கிறார்கள். பிரித்தெடுத்த ஒலியின் பட்டையைப் பார்த்தால் 15 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு காதுக்குமான பொது ஒலி. 19-இல் ஒரு மெல்லிய ஒற்றைக் கோடு, அது வழிகாட்டி. 38-ஐச் சுற்றி இடது வலது வித்தியாசம். 57-இல் எழுத்து! நிலையத்தின் பெயர் காரில் திரையில் தெரிகிறதே, அது இங்கிருந்துதான் வருகிறது, விநாடிக்கு 1187.5 பிட் (0 அல்லது 1 என்ற துணுக்கு) என்ற ஆமை வேகத்தில். எட்டெழுத்துப் பெயர் இரண்டிரண்டு எழுத்தாக நான்கு தவணையில் வரும். ஆண்டெனாவைத் திருப்பிச் சமிக்ஞையைக் குறைத்தால் நடுவில் இரண்டெழுத்து மட்டும் காணாமல் போகிறது. மகளுக்கு இது பிடித்துப்போய், பொக்கைவாய் என்று பெயர் வைத்துவிட்டாள்.

சித்தி வந்த விமானம்

நான்காவது மாதம் 1090 மெகாஹெர்ட்ஸ். விமானங்கள் தங்கள் அடையாளத்தையும் உயரத்தையும் இருக்குமிடத்தையும் தாமாகவே சொல்லிக்கொண்டு போகும் அலைவரிசை. கால் அலைநீளம் 6.9 சென்டிமீட்டர்தான், விரல் நீளம். வெட்டிய நேரத்தைவிட அளந்த நேரம் அதிகம்.

இதில் ஊசலாட்டம் எதுவும் இல்லை. அரத்தில் உரசியது போலத்தான், இருக்கு, இல்லை. வேகம் மட்டும் வேறு. ஒரு பிட்டுக்கு ஒரு மைக்ரோவிநாடி. அதன் முதல் பாதியில் துடிப்பு இருந்தால் 1, இரண்டாம் பாதியில் இருந்தால் 0. தலைப்புக்கு 8 மைக்ரோவிநாடி, பிறகு 112 பிட். மொத்தம் 120 மைக்ரோவிநாடியில் சொல்லி முடித்துவிடுகிறது. அந்த நேரத்தில் அலை 36 கிலோமீட்டர் ஓடியிருக்கும். செய்தியின் வால் விமானத்தை விட்டுக் கிளம்பும்போது தலை 36 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது! ஆலையில் டீ நேரத்தில் இதைச் சொன்னேன். நண்பர் ஒருவர் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார்.

சென்னையிலிருந்து சித்தி வந்த நாளில் மொத்தக் குடும்பமும் மடிக்கணினிக்கு முன்னால். மலாக்கா நீரிணைக்கு மேலே சுமார் 180 கிலோமீட்டரில் அந்தப் புள்ளி முளைத்தது. மலேசியப் பதிவு விமானங்கள் அனுப்பும் அடையாள எண் 75 என்று தொடங்கும், இதுவும் அப்படித்தான். "அதுக்குள்ளதான் இருக்காளா?" என்று அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். உயரம் இறங்கிக்கொண்டே வந்து, கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. பக்கம் போனதும் புள்ளி மறைந்தது. அம்மா பதறிவிட்டார். ஒன்றுமில்லை, செம்பனை மறைக்கிறது என்று சொல்லிச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த அலை நேர்கோட்டில்தான் போகும். உயரத்தில் பறக்கும்போது வானம் திறந்திருக்கிறது, தாழ்ந்துவிட்டால் மரமும் மேடும் குறுக்கே வந்துவிடுகின்றன.

சித்தியைக் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க அழைத்துப் போனோம். சிலாங்கூர் ஆற்றில் நம் ஊரிலிருந்து கீழே போனால் வரும். துடுப்புப் படகில் இருட்டில் போகும்போது பெரெம்பாங் என்ற ஆற்றோர மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மினுக்கியது. ஆண் பூச்சிகள் சேர்ந்து மினுக்கி பெண்ணை அழைக்கின்றனவாம். மகள் என் காதில், "இருக்கு, இல்லை, இருக்கு, இல்லை" என்றாள். வெளிச்சமும் அதே மின்காந்த அலைதான், விநாடிக்கு 500 டிரில்லியன் அதிர்வு என்பது மட்டுமே வித்தியாசம். படகுக்காரர் பேசக்கூடாது என்று சைகை காட்டினார்.

இப்போதைய நிலை

இதுவரை கேட்பது மட்டும்தான் செய்திருக்கிறேன். அலை பரப்ப வேண்டுமானால் தொடர்பு பல்லூடக ஆணையம் நடத்தும் தேர்வை எழுதி, 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி (அலையில் நம் பெயர் மாதிரி) வாங்க வேண்டும். உரிமம் இல்லாமல் பரப்பக் கூடாது. புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன். மகள் எனக்கு முன்னால் பத்துப் பக்கம் போய்விட்டாள்.

அடுத்தது 137 மெகாஹெர்ட்ஸில் வானிலைத் துணைக்கோள் படம். முதல் முயற்சியில் நான்கு கோடும் நிறைய மணலும் வந்தன. ஆண்டெனாவின் வடிவம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

படிக ரேடியோ அலமாரியில் இருக்கிறது. அப்பாவின் பெட்டியை மட்டும் நாள் முழுக்க மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டிருக்கிறேன். "ஊமைப் பெட்டிக்கு எதுக்குடா பேட்டரி?" என்று அப்பா தினமும் கேட்கிறார். ஆறு மீட்டர் உலோகக் கம்பை வெட்டவெளியில் நட்டு வைத்திருப்பவனுக்கு அது வேண்டும். வானம் கறுக்கும் முன்னமே தூரத்து மின்னல் அதில் பொரிய ஆரம்பித்துவிடும்.

மணி நாலு பத்து. பெட்டி பொரிகிறது. கம்பை இறக்கப் போகிறேன்.