எ, ஆன், தி: ‘எந்த?’ என்று கேட்டுப் பாருங்கள்

“ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணுங்களாம்.”

கதையை எடுத்ததுமே ‘அந்த ராஜா’ என்று தொடங்கினால், கேட்கிற குழந்தை ‘எந்த ராஜா?’ என்று நிறுத்திவிடும். ஆங்கிலத்தில் ‘எ’வா ‘தி’யா என்ற குழப்பத்துக்கு இந்தக் கேள்வியே போதும். கேட்பவர் ‘எந்த?’ என்று கேட்க இடமிருந்தால் ‘எ’ அல்லது ‘ஆன்’. அவருக்கே புரிந்துவிடும் என்றால் ‘தி’. சொல்பவருக்குத் தெரிந்திருப்பது கணக்கில் வராது. நேற்று வாங்கிய புத்தகம் உங்களுக்குத் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால் ‘ஐ பாட் எ புக்’.

சொற்களின் பிறப்பும் இதையே காட்டுகிறது. ‘ஆன்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்ற எண்ணுப்பெயர். ‘தி’ பழைய சுட்டுச்சொல்லிலிருந்து வந்தது, ‘தட்’டின் உடன்பிறப்பு. நம்முடைய ஒருவும் அந்தவும்தான். வேறுபாடு என்னவென்றால், தமிழில் இரண்டையும் விட்டுவிட்டுப் பேசலாம், ஆங்கிலத்தில் முடியாது.

விட்டுவிட்டாலும் தமிழ் அந்தச் செய்தியை வேறொரு இடத்தில் வைத்திருக்கிறது. ‘டீ குடித்தேன்’, ‘டீயைக் குடித்தேன்’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஏதோ டீ. இரண்டாவது, ஏற்கெனவே பேச்சில் வந்த டீ, மேசையில் ஆறிக்கொண்டிருந்த டீ. ‘கதவைச் சாத்து’ என்கிறோம், ‘கதவு சாத்து’ என்பதில்லை. எந்தக் கதவு என்று கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ‘க்ளோஸ் தி டோர்’. அஃறிணைப் பொருளில், குறிப்பாக உயிரற்றவற்றில், ‘ஐ’ உருபு தானாக வந்து விழுந்தால் பெரும்பாலும் ‘தி’ போடலாம். இது தமிழருக்குக் கிடைத்த நல்ல கைவிளக்கு. இலக்கண வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுக்காதது பெரிய இழப்பு. ஆனால் மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இது உதவாது. ‘டாக்டரைப் பார்த்தேன்’ என்பதில் ‘ஐ’ கட்டாயம், அது எந்த டாக்டராக இருந்தாலும். முன்னால் ‘ஒரு’ வந்தாலும் உருபை நம்ப வேண்டாம்: ‘ஒரு புத்தகத்தை எடுத்தான்’ என்றால் ‘எ புக்’தான்.

முன்பு சொன்ன பொருளுக்குத்தான் ‘தி’ என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘ஐ காட் இன்டு எ பஸ். தி கண்டக்டர்…’ கண்டக்டரைப் பற்றி இதுவரை பேச்சே இல்லை. ஆனால் பஸ் என்றதுமே கண்டக்டரும் வந்துவிட்டார். கல்யாணம் என்றதும் மாப்பிள்ளை, வீடு என்றதும் கூரை. முழுமை தெரிந்தால் அதிலுள்ள ஒற்றைப் பகுதியும் தெரியும். ஒற்றை என்பதை மறக்க வேண்டாம்: வீட்டில் நாலு ஜன்னல் இருந்தால் ‘தி விண்டோ’ என்றதும் ‘எந்த ஜன்னல்?’ என்ற கேள்வி திரும்ப வந்துவிடும்.

‘ஆஃப்’ வந்தால் ‘தி’ என்ற குறுக்குவழியும் ஆபத்தானது. ‘ஷி இஸ் தி ஸ்டூடன்ட் ஆஃப் திஸ் காலேஜ்’ என்றால், கல்லூரியில் படிப்பவரே அவர் ஒருவர்தான் என்பது போல ஆகிவிடும். பலரில் ஒருவர் என்றால் ‘எ ஸ்டூடன்ட்’. தொழிலைச் சொல்லும்போது எதிர்த்தவறு நடக்கிறது. ‘அவர் டாக்டர்’ என்பது தமிழில் முழு வாக்கியம், அதனால் ‘ஹி இஸ் டாக்டர்’ என்று வந்துவிடுகிறது. ‘ஹி இஸ் எ டாக்டர்’ என்று எழுத வேண்டும்.

தமிழின் ‘ஒரு’ நம்மை ஏமாற்றும் இடமும் உண்டு. ‘ஒரு தகவல்’, ‘ஒரு அறிவுரை’ நமக்கு இயல்பு. ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட் எல்லாம் தண்ணீர் மாதிரி, எண்ண முடியாதவை. ‘ஆன் இன்ஃபர்மேஷன்’ கிடையாது. ‘சம் இன்ஃபர்மேஷன்’ அல்லது ‘எ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்’. பொதுவாகப் பேசும்போது எதுவுமே வேண்டாம்: ‘ஐ லைக் மேங்கோஸ்’. ‘தி மேங்கோஸ்’ என்றால் இந்தக் கூடையில் இருக்கிறதே, அவை. ‘கோ டு ஸ்கூல்’ என்றால் படிக்கப் போவது. ‘கோ டு தி ஸ்கூல்’ என்றால் ஃபீஸ் கட்டவோ ஓட்டுப் போடவோ அந்தக் கட்டடத்துக்குப் போவது.

‘எ’, ‘ஆன்’ இரண்டில் எது என்பது எளிது. அடுத்த சொல்லின் ஒலி உயிரில் தொடங்கினால் ‘ஆன்’. எழுத்தைப் பார்க்கக் கூடாது. ஓர் ஊர், ஒரு மரம் என்பதைப் போலத்தான். நாம் பேச்சில் ‘ஒரு ஊர்’ என்று விட்டுவிடுகிறோம், ஆங்கிலத்தில் அப்படி விட்டால் உடனே உறுத்தும். சொல்லை ஒலிக்கிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். யுனிவர்சிட்டி ‘யு’வில் தொடங்குகிறது: எ யுனிவர்சிட்டி. எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர். இரண்டும் ‘எ’வில்: ஆன் எம்.எல்.ஏ., ஆன் எஃப்.ஐ.ஆர். ‘ஹானஸ்ட்’ என்று எழுதிப் பழகியிருக்கிறோம், சரியான ஒலிப்பு ‘ஆனஸ்ட்’, ஆகவே ‘ஆன்’. ‘ஒன்’ என்று எழுதினாலும் ஒலி ‘வன்’, ஆகவே ‘எ’. எம்.எல்.ஏ.வைப் பேச்சில் ‘யெம்மெல்லே’ என்று இழுப்பது நம் பழக்கம். அந்த யகரத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இந்த ‘ன்’ ஆங்கிலேயரையே குழப்பியிருக்கிறது. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அம்பயர் என்ற சொல்லின் முன்னால் ஒரு ‘ந்’ ஒலி இருந்தது. ‘எ நம்பயர்’ மாதிரி ஒலித்ததை ‘ஆன் அம்பயர்’ என்று தவறாகப் பிரித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

எல்லாவற்றையும் ஒரு புகார்க் கடிதத்தில் பார்க்கலாம். முதல் வடிவம்: ‘ஐ பாட் மிக்ஸி ஃப்ரம் தி யுவர் ஷாப். மோட்டார் மேக்ஸ் லவுட் நாய்ஸ். லிட் இஸ் ப்ரோக்கன். இட் ஹேஸ் ஒன் இயர் வாரண்டி. ஐ ஹேவ் பில்.’

கடைக்காரருக்கு எந்த மிக்ஸி என்று இன்னும் தெரியாது: எ மிக்ஸி. ‘யுவர்’ வந்தாலே யாருடையது என்று தெரிந்துவிடுகிறது, அதனால் ‘தி’ போகட்டும். மிக்ஸிக்கு மோட்டார் ஒன்றுதான்: தி மோட்டார். சத்தம் புதுச் செய்தி: எ லவுட் நாய்ஸ். மூடியில் கவனம் வேண்டும். மூன்று ஜார் உள்ள மிக்ஸியில் மூடியும் மூன்று. ‘தி லிட்’ என்றால் கடைக்காரர் போன் செய்து ‘எந்த மூடி?’ என்பார். ‘தி லிட் ஆஃப் தி ஸ்மால் ஜார்’ என்று எழுதினால் கேள்வி தீர்ந்தது. வாரண்டி ‘எ ஒன்-இயர் வாரண்டி’. முன்னால் சொன்ன வகர ஒலி. பில்லுக்கு மட்டும் முதல் முறையிலேயே ‘தி’. வாங்கினேன் என்றதுமே பில்லும் உடன் வந்துவிட்டது, எந்த பில் என்று அவர் கேட்கப்போவதில்லை.