தெற்கே அகத்தியர், வடக்கே துர்க்கை: யோக்யகர்த்தாவின் கோயில்கள்

வடக்கே மெராபி எரிமலை, தெற்கே இந்தியப் பெருங்கடல், இரண்டுக்கும் நடுவே சுல்தானின் அரண்மனை என்று ஒரு நேர்கோட்டை மனத்தில் கொண்டு கட்டப்பட்ட நகரம், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள யோக்யகர்த்தா. கியாந்தி உடன்படிக்கையின்படி 1755இல் ஜாவாவின் இஸ்லாமிய அரசான மாத்தாராம் இரண்டாகப் பிரிந்தபோது, முதலாம் ஹமெங்குபுவோனோ இந்த இடத்தைத் தலைநகராகத் தேர்ந்தார். வடக்கில் துகு என்னும் தூண், நடுவில் கிராத்தோன் என்று ஜாவானியர் அழைக்கும் அரண்மனை, தெற்கில் கிராப்யாக் வேட்டை மாளிகை ஆகியவற்றை இணைக்கும் அந்த அச்சை 2023இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இன்றும் அரண்மனையிலிருந்து மலைக்கும் கடலுக்கும் ஆண்டுதோறும் காணிக்கை எடுத்துச் செல்லப்படுகிறது. பெரும்பான்மையினர் இஸ்லாமியராக உள்ள இந்த நகரத்தில், அதற்கு முந்தைய வழிபாட்டின் தடங்களை அழிக்காமல் தம்முடையவையாகவே மக்கள் வைத்துக்கொண்டிருக்கும் பாங்குதான் என்னை மிகவும் ஈர்த்தது.

நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் பிரம்பானான் இருக்கிறது. சாலையிலிருந்தே தெரியும் மூன்று கோபுரங்களில் நடுவில் நிற்பது 47 மீட்டர் உயரமுள்ள சிவன் கோயில். இருபுறமும் பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் சற்றே தாழ்ந்த கோயில்கள். கி.பி. 856ஆம் ஆண்டின் சிவகிருகக் கல்வெட்டு இக்கோயிலையே குறிக்கிறது என்று அறிஞர்கள் கருதுகின்றனர். பணியின்போது அருகிலிருந்த ஆற்றின் போக்கையே மாற்றியதையும் அது சொல்கிறது. ஒரு காலத்தில் இவ்வளாகத்தில் 240 கோயில்கள் இருந்தன. பத்தாம் நூற்றாண்டில் அக்கால இந்து அரசு கிழக்கு ஜாவாவுக்கு இடம்பெயர்ந்த பின் கவனிப்பாரற்றுப்போய், நிலநடுக்கங்களில் சரிந்து, கற்குவியலாகக் கிடந்த சிவன் கோயிலை ஒவ்வொரு கல்லாகத் தேடிப் பொருத்தி 1953இல்தான் மீண்டும் நிமிர்த்தினார்கள். சுற்றிலும் இன்னும் குவியல்களாகவே கிடக்கும் சிறு கோயில்களைப் பார்த்தபோது முதலில் வருத்தமாக இருந்தது. மூலக் கற்களில் பெரும்பகுதி கிடைத்தால் மட்டுமே ஒரு கோயிலை எழுப்புவது என்னும் நெறியினால்தான் அவை அப்படி விடப்பட்டுள்ளன என்று அறிந்தபோது, அந்தப் பொறுமையின் மேல் மதிப்பு உண்டாயிற்று.

சிவன் கோயிலின் நான்கு திசைகளிலும் தனித்தனிக் கருவறைகள் உள்ளன. கிழக்குப் படிகளில் ஏறினால் தாமரைப் பீடத்தின் மேல் நான்கு கைகளுடன் நிற்கும் சிவனைக் காணலாம். வலமாகச் சுற்றி வந்தால் தெற்கே அகத்தியர், மேற்கே கணபதி, வடக்கே மகிடாசுரமர்த்தினி. தமிழ்நாட்டுச் சிவன் கோயிலில் வலம் வந்து பழகியவருக்கு இந்த வரிசையின் பொருள் சட்டென்று விளங்கிவிடும். அங்கே தெற்குக் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தி, இங்கே அகத்தியர். இரண்டு இடத்திலும் தென்திசை குருவுக்கு உரியது, வடதிசை துர்க்கைக்கு உரியது. தாடியும் சரிந்த வயிறும் கமண்டலமுமாக நிற்கும் அந்த முனிவர் முன்னால் நெடுநேரம் நின்றேன். பொதிகை முனிவர் என்று நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்குக் கடல் கடந்து இத்தனை பெரிய இடம் கொடுக்கப்பட்டிருப்பதைக் கண்டதில் நெஞ்சு நிறைந்தது.

வடக்குக் கருவறையின் துர்க்கையை உள்ளூர் மக்கள் ரோரோ ஜோங்ராங் என்ற இளவரசியாகவே அறிவார்கள். தன்னை மணக்க விரும்பிய பாண்டுங் போண்டோவோசோவிடம் ஓர் இரவுக்குள் ஆயிரம் கோயில்கள் கட்டச் சொன்னாள் அவள். அவன் பூதங்களைக் கொண்டு 999 கோயில்களை முடித்துவிட, பெண்களை எழுப்பி நெல் குத்தவைத்துப் பொழுது விடிந்ததுபோல் காட்டி அவனைத் தடுத்தாள். ஏமாற்றத்தை அறிந்த அவன் அவளையே ஆயிரமாவது சிலையாகச் சபித்துவிட்டான் என்பது கதை. தெய்வத்தின் பெயர் மறந்துபோன பிறகும் அந்தச் சிலையைக் கைவிட மனமில்லாத மக்கள் அதற்கு வேறொரு கதையைக் கொடுத்துக் காத்து வைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

கோயிலைச் சுற்றிவரும் பாதையின் கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் இராமாயணச் சிற்பங்கள் ஓடுகின்றன. சிவன் கோயிலில் தொடங்கிப் பிரம்மா கோயிலில் முடியும் அந்தச் சிற்பத் தொடரை வலமாக நடந்தபடியே படிக்க வேண்டும். விஷ்ணு கோயிலில் கண்ணன் கதை. சேது கட்டும் காட்சியில் வானரங்கள் கடலில் எறியும் கற்களை மீன்கள் வாயில் கவ்விக்கொண்டு போகின்றன. சீதை தன் மோதிரத்தைச் சடாயுவிடம் கொடுக்க, அந்தப் பறவை அதை இராமனிடம் சேர்க்கிறது. கம்பனிலோ வான்மீகியிலோ இல்லாத இந்தக் கிளைக்கதைகளைப் பார்க்கும்போது, ஜாவா இக்காவியத்தைத் தன்னுடையதாக வளர்த்துக்கொண்டது என்பது தெளிவாகிறது. வறண்ட மாதங்களின் மாலைகளில் கோயிலின் பின்னணியில் திறந்தவெளி அரங்கில் நடக்கும் இராமாயண நாட்டிய நாடகம் 1961இலிருந்து தொடர்ந்து வருகிறது.

இதே வளாகத்தில் வடக்கே நடந்தால் செவு என்னும் பெரிய பௌத்தக் கோயில் தொகுதி வருகிறது. சைவமும் பௌத்தமும் இத்தனை நெருக்கத்தில் வாழ்ந்த நாட்டில்தான், நகரத்துக்கு வடமேற்கே 72 துளையிட்ட தூபிகளும் 504 புத்தர் சிலைகளும் கொண்ட பொரோபுதூர் எழுந்தது. அதற்கு ஒரு முழு நாளும் ஒரு தனிக் கட்டுரையும் தேவை.

பிரம்பானான் போகும் வழியில் சம்பிசாரி என்ற சிறிய சிவன் கோயில் இருக்கிறது. 1966இல் வயலில் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்த விவசாயி ஒருவரின் கைக்குச் செதுக்கிய கல் தட்டுப்பட்டது. தோண்டியபோது எரிமலைச் சாம்பலுக்கும் மண்ணுக்கும் அடியில் ஏறத்தாழ ஆறரை மீட்டர் ஆழத்தில் கோயிலே இருந்தது. இப்போது தெப்பக்குளத்தில் இறங்குவதுபோல் படிகளில் இறங்கித்தான் அதை அடைய வேண்டும். உள்ளே இலிங்கம். இந்தக் கோயிலின் வாசல் மேற்கு நோக்கியது. அதனால் கணபதி கிழக்கு மாடத்துக்கு மாறியிருக்கிறார். அகத்தியர் தெற்கிலும் துர்க்கை வடக்கிலும் அசையாமல் இருக்கிறார்கள். வாசல் திரும்பினாலும் குருவின் திசை திரும்பவில்லை. பிரம்பானானின் பிரம்மாண்டத்தைவிட இந்தச் சிறு கோயில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

நகரத்துக்குள் அரண்மனைக்கு அருகிலுள்ள பெரிய பள்ளிவாசல் 1773இல் கட்டப்பட்டது. குவிமாடம் இல்லாமல், அடுக்கடுக்காக உயரும் ஜாவானியக் கூரையோடு, மரத்தூண்களின் மேல் அது நிற்கிறது. நபிகளின் பிறந்தநாளையொட்டிய செகாத்தேன் விழாவின்போது அரண்மனையின் பழைமையான கமெலான் இசைக்கருவிகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து இந்தப் பள்ளிவாசல் முற்றத்தில் வாசிக்கிறார்கள். மாத்தாராமின் முதல் தலைநகரான கோத்தாகெடேயில், அந்த அரசை நிறுவிய பனெம்பஹான் செனொபாதியின் அடக்கத்தலத்துக்குச் செல்லும் செங்கல் வாயில்கள் பழைய இந்துக் கோயில் வாயில்களின் வடிவிலேயே உள்ளன. உள்ளே செல்ல ஜாவானிய உடை அணிய வேண்டும். செனொபாதியின் பேரரான சுல்தான் அகுங் 1633இல் இஸ்லாமியச் சந்திர மாதங்களை ஏற்றபோதும் சக ஆண்டின் எண்ணை விடாமல், அப்போது நடந்துகொண்டிருந்த சக ஆண்டு 1555இலிருந்தே தொடர்ந்து எண்ணச் செய்தார். நம் பஞ்சாங்கங்களிலும் இடம்பெறும் அந்தச் சகாப்தக் கணக்கு இங்கே ஒரு முஸ்லிம் அரசரின் ஆணையால் உயிர்பிழைத்தது.

நகரின் வடக்கே இந்தோனேசிய இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்கும் சென்று வாருங்கள். 2009 டிசம்பரில் அங்கே நூலகத்துக்கு அடித்தளம் தோண்டியபோது கணபதி சிலையும் இலிங்கமும் கொண்ட ஒரு சிறு சிவன் கோயில் வெளிப்பட்டது. பல்கலைக்கழகம் அதை மூடவுமில்லை, பெயர்த்து அகற்றவுமில்லை. வரைபடத்தை மாற்றி, கோயிலைத் திறந்தவெளியில் அப்படியே விட்டு, அதை ஒட்டி நூலகத்தைக் கட்டியிருக்கிறது. சம்பிசாரியையும் இதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இரண்டிலும் கூட்டமில்லாததால் சிற்பங்களின் முன் வேண்டிய நேரம் நிற்க முடிகிறது.