மாத்திரை சாப்பிடுகிறாள், ஹெச்.பி மட்டும் ஏறவில்லை

மன்னார்குடிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். "மாத்திரை சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டால் கர்ப்பிணிகள் எல்லோரும் "சாப்பிடுறேன் சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். எப்போது, எதோடு என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

நாம் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாட்கள். கூடவே கால்சியம் மாத்திரையும் உண்டு. இரண்டையும் ஒரே பையில் போட்டு வைத்து, ஒரே வேலையாக முடியட்டும் என்று சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். கால்சியம் இரும்பைக் குடலில் ஏறவிடாது. நடவுக் காலத்தில் இன்னொன்று: விடியலில் வயலுக்குக் கிளம்பும் அவசரத்தில் டீயோடு மாத்திரை. டீயில் இருக்கும் டானின் அதே வேலையைச் செய்கிறது.

ஹெச்.பி, அதாவது ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு, ஏறவில்லை என்றதும் வீட்டார் மருந்துக்கடைக்குப் போய்விடுவார்கள். ஒரு பெண்ணுக்குத் துத்தநாக மாத்திரையைத் தனியாக வாங்கிக் கொடுத்திருந்தார்கள், சத்து கூடினால் நல்லதுதானே என்று. அளவுக்கு மிஞ்சிய துத்தநாகத்தை நாள்பட எடுத்தால் செம்பு உடம்பில் சேராது. கல்லீரலில் சேமித்த இரும்பு ரத்தத்துக்கு வரச் செம்பு கலந்த புரதம் ஒன்று வேண்டும். செம்பு குறைந்தால் இரும்பு இருந்தும் பயனில்லை. இரும்பை அதிகமாக எடுத்தாலும் துத்தநாகம் ஏறுவது குறையும். அதனால் டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் கூட்டக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். தனியார் லேப் ரிப்போர்ட்டில் செம்பு அதிகம் என்று பார்த்துப் பயந்து வருகிறவர்களும் உண்டு. கர்ப்பத்தில் ரத்தத்தில் செம்பின் அளவு உயர்வது இயல்பு, துத்தநாகம் கொஞ்சம் இறங்குவதும் இயல்பு.

ரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட வேகமாகப் பெருகுவதால் ஹெச்.பி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் பேச்சே இல்லை, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு வேறு ரத்தத்தை உறிஞ்சும். முதல் மூன்று மாதம் கழிந்ததும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுக்கிறோம். இதைக் கேட்காமல் இரும்பை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சாப்பாட்டில் புதிதாக எதையும் வாங்கச் சொல்வதில்லை. கொல்லையில் இருக்கும் முருங்கைக்கீரை, மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து. செம்புக்கு எள்ளுருண்டை. கிடைக்கும் நாளில் மீன், கறி. மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்று சொல்லும் மாமியாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறேன். சமையல் அவர் கையில்தானே இருக்கிறது. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

கர்ப்பிணியின் தாய்சேய் அட்டையின் ஓரத்தில் நானே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்: கால்சியம் காலையும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பு இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரில். அடுத்த மாதம் ஹெச்.பி பார்ப்பதற்கு முன்னால் அந்த மூன்று வேளையைத்தான் முதலில் கேட்பேன்.